பேனல் சூட்டுக் கணக்கு: இன்டர்வியூவில் தவறவிட்டதும் பிறகு படித்ததும்

டிப்ளமோ இ.இ.இ. முடித்து பேனல் (மின் கட்டுப்பாட்டுக் கருவிகளை வைக்கும் இரும்புப் பெட்டி) டிசைன் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் இன்டர்வியூவில் என்னிடம் கேட்டது இது: "பேனல் நிற்கிற இடத்தில் 46 டிகிரி. உள்ளே 40-ஐத் தாண்டக் கூடாது. எவ்வளவு பெரிய ஃபேன் போடுவீங்க?" நான் உடனே பேனாவை எடுத்துக் காற்றின் அளவைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அங்கேதான் தவறு. ஃபேன் வெளிக்காற்றைத்தான் உள்ளே தள்ளும். வெளியே 46 என்றால் எத்தனை ஃபேன் போட்டாலும் உள்ளே அதற்குக் கீழே இறங்காது. அங்கே பேனல் ஏசி வேண்டும்.

அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்ததற்கு முன் இதையே உட்கார்ந்து படித்தேன். ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பாருங்கள், மனதில் நிற்கும்.

சுவரை ஒட்டி நிற்கும், பெயின்ட் அடித்த இரும்பு பேனல். உயரம் 2000, அகலம் 800, ஆழம் 600 மி.மீ. ஐ.இ.சி. 60890 என்ற சர்வதேசத் தர முறைப்படி சூடு வெளியேறும் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 5.5 வாட் என்று எடுப்பது வழக்கம். வெளியே 35, உள்ளே 45 வரை போகலாம் என்றால் 5 × 5.5 × 10 = 275 வாட் தகடு வழியாகவே போய்விடும். உள்ளே 15 கிலோவாட் டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) ஒன்று; சூடாக வீணாகும் லாஸ் 3 சதவீதம் என்றால் 450 வாட். எஸ்.எம்.பி.எஸ். (டி.சி. பவர் சப்ளை), கான்டாக்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 550, மிச்சம் 275. அதை வெளியேற்ற வேண்டிய ஃபேனுக்கு 3.1 × 275 ÷ 10 (3.1 காற்றுக்கான மாறிலி), அதாவது மணிக்குச் சுமார் 85 கன மீட்டர். பல டிரைவ்கள் 40 டிகிரி வரைதான் முழு கரண்ட் தரும், அதனால் டேட்டா ஷீட்டில் டீரேட்டிங் (சூடு கூடும்போது கரண்டை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது) பார்க்காமல் 45 என்று எழுதாதீர்கள்.

அந்த 85, தூசியைத் தடுக்கும் ஃபில்டர் மேட்டைப் போட்ட பிறகும் வர வேண்டிய அளவு. மேட் அடைத்தால் அது பாதிகூட வராது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பயிற்சியில் இருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் இயந்திரம்) பேனலின் மேட்டில் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது. டிரைவ் ஓவர் டெம்பரேச்சரில் டிரிப் ஆகிக்கொண்டே இருந்ததால் கதவைத் திறந்து வைத்து, எதிரே பெடஸ்டல் ஃபேன் வைத்திருந்தார்கள். சூடு குறைந்தது, ஆனால் பஞ்சு நேராக டிரைவின் ஹீட் சிங்க்குக்குள் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) போனது. பஞ்சு பறக்கிற இடத்தில் ஃபில்டர் ஃபேனை நான் தேர்ந்தெடுக்கவே மாட்டேன். வெளியே குளிர்ச்சி என்றால் வெளிக்காற்றை உள்ளே விடாமல் சூட்டை மட்டும் வெளியேற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர், இல்லையென்றால் ஏசி.

ஃபேன் போடுவதானால் கீழே உள்ளிழுக்கட்டும், மேலே வெளியேறட்டும். அப்புறம், ஏசி போட்ட பேனலின் கதவைத் திறந்து வைத்தால் குளிர்ந்த பாகங்களில் நீர் கோர்க்கும். கதவு திறந்ததும் ஏசி நிற்கும்படி டோர் லிமிட் சுவிட்ச் வரைந்து காட்டுங்கள். இரண்டாவது இன்டர்வியூவில் நான் அதை வரைந்த பிறகுதான் சம்பளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.