நில்லுடா தம்பி

நவம்பர் 3

குதிரையைச் சொன்னபடி நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. பணமும் கட்டியாயிற்று. கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்ப வராது என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைக் கட்டிய பிறகுதான் படித்தேன்.

நவம்பர் 4

டெஸ்ட் தாள் வந்துவிட்டது. 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் ஒரு மணல் கட்டம். ஏ என்ற இடத்தில் நுழைந்து, நடுக்கோட்டில் நேரே வந்து, எக்ஸில் நிற்க வேண்டும். நின்று, ஒரு கையில் லகானைப் பிடித்து, தலை குனிந்து வணக்கம். அதன்பிறகுதான் ட்ராட் என்ற துள்ளு நடை, வட்டம், கேன்டர் என்ற தாவல் ஓட்டம் எல்லாம். மற்ற எழுத்துகளுக்காவது வேலியோரம் பலகை உண்டு. எக்ஸுக்கு அதுவும் கிடையாது. நட்டநடு மணல்தான் எக்ஸ்.

அந்த முதல் வரியைத் தாண்டி நான் படிக்கவே இல்லை. என் குதிரை தம்பி நிற்க மாட்டான்.

நவம்பர் 6

இன்று ஏழு முறை முயன்றோம். ஏழு முறையும் எக்ஸைத் தாண்டி, நடுவர் உட்காரப்போகும் சி வரைக்கும் போய், வேலியைப் பார்த்துத்தான் நின்றான். லகானை இழுத்தேன். இழுக்க இழுக்க வேகம் கூடியது.

"ரேஸ் குதிரைம்மா இது. நீ இழுத்தா, 'மேடம் சாஞ்சுக்கச் சொல்றாங்க, ஓடணும்'னு நினைக்குது" என்றார் ரிசால்தார் சார். நான்கு வருடம் அவன் கற்ற பாடம் அதுதான். வாயில் உள்ள இரும்பில் பாரத்தைப் போட்டு ஓடு. ஏறும்போதுகூட நிற்க வேண்டியதில்லை. ஜாக்கியைக் காலைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள், அவன் பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பான். பிறந்ததிலிருந்து யாருமே அவனை ஓரிடத்தில் சும்மா நிற்கச் சொன்னதில்லை.

சார் குதிரைப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் நன்றாக வரும், ஆனால் கோபம் இந்தியில்தான் வரும். இன்று முழுக்க இந்திதான்.

நவம்பர் 7

"ஹோ... நில்லுடா தம்பி" என்று குரல் கொடுத்தால் நிற்கிறான்! ஆணி அடித்தாற்போல நிற்கிறான்! குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சயிஸ் அண்ணன் தினமும் லாயத்தில் அப்படித்தான் சொல்லிக் குளிப்பாட்டுகிறார்.

நவம்பர் 8

டெஸ்டில் வாயைத் திறக்கக் கூடாதாம். குரல் கொடுத்தால் மதிப்பெண் போகும், நாக்கைச் சொடுக்கினாலும் போகும். சார் இதை நேற்றே சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 11

மழை. மைதானம் குளம்.

நவம்பர் 12

மழை. அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் மட்டும் நனைந்துகொண்டே வந்துவிட்டாள். "எழுந்ததும் நடக்காதீங்க ஆன்ட்டி. முதல்ல நில்லுங்க. பத்து எண்ணுங்க. அப்புறம் வாக்கரை நகர்த்துங்க." அம்மா மூன்று எண்ணுவதற்குள் கிளம்பிவிடுகிறாள்.

நவம்பர் 14

ஹாலில் கோலமாவால் மைதானம் போட்டேன். பத்தில் ஒரு பங்கு: 4 மீட்டருக்கு 2 மீட்டர். சோபாவைச் சுவரோரம் தள்ளவேண்டியிருந்தது. அம்மாவின் நாற்காலி சரியாக சியில் அமைந்ததால் நடுவர் பொறுப்பும் டெஸ்ட் வாசிக்கும் பொறுப்பும் அவளுக்கு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பேப்பரைத் தள்ளிப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். நான் 'குதிரையாக' ஓடினேன். வயது 44.

எழுத்துகளின் வரிசைதான் மனதில் நிற்கவில்லை: ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப். எட்வர்ட் ராஜாவின் குதிரைகளை வைத்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. நானே ஒன்று கட்டினேன்: அம்மா கோபித்தால் எல்லோரும் ஹாலில் சும்மா மௌனமாகப் பார்ப்போம் ஃபேனை.

அம்மா சிரிக்கவில்லை. "உங்கப்பா குதிரை மேல பணத்தைத்தான் கட்டினாரு. நீ உடம்பையே கட்டுற" என்றாள். அப்புறம், "அடுத்தது என்ன, கேயா?" என்றாள்.

நவம்பர் 17

ஏயில் போடும் 20 மீட்டர் வட்டம் எக்ஸைத் தொட வேண்டும். பக்கவாட்டு வேலியை கேயிலிருந்து 4 மீட்டர் மேலே தொட வேண்டும், கேயில் அல்ல. மூலைக்குள் போகவே கூடாது. எனக்கு எழுத்தைப் பார்த்ததும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும்போல இருக்கிறது. சார் கம்பை ஊன்றி நின்றபடி எங்கள் குளம்புத்தடத்தைக் காட்டினார். முட்டை. கூர்மையான பக்கம் கேயில்.

நவம்பர் 19

சேற்றில் முன்னங்கால் லாடம் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. சயிஸ் அண்ணன் முழங்கால் அளவு சேற்றில் கையை விட்டு அரை மணி நேரம் தேடினார். கிடைக்கவில்லை. லாடம் அடிப்பவர் வியாழக்கிழமைதான் வருவாராம்.

நவம்பர் 20

போக வேண்டாம் என்று தோன்றுகிறது. யாருக்காகப் போகிறேன்? அலுவலகத்தில் சொன்னால், "குதிரை டான்ஸ் ஆடுமே, அதுவா" என்கிறார்கள். ஆமாம், அதுதான்.

நவம்பர் 24

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

லாடம் அடித்த பிறகு முதல் நாள். சார் லகானை என் கையிலிருந்து எடுத்து, அவன் கழுத்தில் முடிச்சுப் போட்டு விட்டுவிட்டார். "கை இல்லாம நிறுத்து." எப்படி நிறுத்துவது? குதிரை நடக்கும்போது நம் இடுப்பு அதனோடு முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும், நமக்கே தெரியாமல். அதை நிறுத்து என்றார். தொடையை மூடு, முதுகை வளர்த்து, மூச்சை விடு. முழுதாக. பலூன் இறங்குவதுபோல.

விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது முறை ஒரு காதைப் பின்னால் திருப்பினான். மூன்றாவது முறை நடை தயங்கியது. நான் மூச்சை விட்டுத் தீர்த்து, இனி உள்ளே ஒன்றுமில்லை என்ற நிலையில், அவனும் தன் மூச்சை மூக்கு வழியாகப் 'புர்ர்' என்று விட்டான். நின்றிருந்தோம். லாயத்தின் தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம்கூடக் கேட்டது. இவ்வளவு நாளும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவனை நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. சார், இந்தியும் தமிழுமாக, "பஸ், பஸ், போதும்" என்றார்.

நவம்பர் 25

நிற்கவில்லை. ஒருமுறைகூட.

நவம்பர் 28

புயல் எச்சரிக்கை. மூன்று நாள் சவாரி கிடையாது. பழைய வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2023 செப்டம்பர் 26, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் அணிக்குத் தங்கம். குதிரையேற்றத்தில் நமக்கு 41 வருடம் கழித்து வந்த தங்கம். பதக்க மேடையை விட்டுவிட்டு, அவர்கள் நடுக்கோட்டில் வந்து நிற்கும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நான்கு கால்களும் ஒரு மேசையின் கால்கள்போல.

ஹிரோஷி ஹோகெட்சு என்ற ஜப்பானியர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இதே விளையாட்டில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 71. அம்மாவிடம் சொன்னேன். "அவருக்கு இடுப்பு நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

டிசம்பர் 2

வெள்ளை பேன்ட் வந்துவிட்டது. குதிரை, மணல், சாணி, எண்ணெய் இத்தனையும் உள்ள விளையாட்டுக்கு வெள்ளை பேன்ட் என்று முடிவு செய்தவர் தானே துவைத்திருக்க மாட்டார்.

டிசம்பர் 5

நின்றான். நான்கில் மூன்று.

டிசம்பர் 8

விடியற்காலை 3 மணிக்கு லாரியில் ஏற்றினோம். நான் பின்னாலேயே காரில். வேலூரில் ஒருமுறை, கிருஷ்ணகிரியில் ஒருமுறை இறங்கித் தண்ணீர் காட்டினோம். 350 கிலோமீட்டர். சயிஸ் அண்ணன் வழி முழுக்க அவன் முகத்தருகே நின்றுகொண்டே வந்தார். உட்காருங்கள் அண்ணா என்றால், "அவன் நிக்கிறான்ல" என்கிறார்.

டிசம்பர் 9

பெங்களூரு. குளிர். தம்பி இங்கத்தித் தண்ணீரைக் குடிக்க மாட்டேன் என்கிறான். வாளியை முகர்ந்து, மேல் உதட்டைச் சுருட்டி, திரும்பிக்கொள்கிறான். சயிஸ் அண்ணன் கொஞ்சம் வெல்லத்தைக் கரைத்துக் கொடுத்தார். அரை வாளி இறங்கியது. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றில் எது அடைத்தாலும் ஆபத்து, தண்ணீர் குறைந்தால் முதலில் அடைப்பதுதான் என்று சார் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார். இரவு எழுந்து போய் இரண்டு முறை சாணியை எண்ணிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 10

பிடரி மயிரைப் பின்னி உருட்டி நூலால் தைத்தோம். பதினைந்து கொண்டை. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "பூ வைக்கலையா?"

தூக்கம் வரவில்லை. அம்மா கோபித்தால் எல்லோரும் ஹாலில்.

டிசம்பர் 11

9.42க்கு என் முறை. மணி அடித்து 45 விநாடிக்குள் நுழைய வேண்டும். நுழைந்தேன். எக்ஸில் நின்றான். நின்றானா? நின்றான், ஆனால் நான் தலை குனிந்த நேரத்தில் இரண்டடி முன்னால் போய்விட்டான். குனிந்த தலையோடு நானும் போனேன்.

சியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். தாளில் அப்படித்தான் இருக்கிறது. என் வாயோ உள்ளுக்குள், ஹாலில் சும்மா மௌனமாக, என்று ஓடிக்கொண்டிருந்தது. சும்மாவுக்குப் பிறகு மௌனம்தானே? சிக்குப் பிறகு எம். எம் வலப்பக்கம். திரும்பிவிட்டேன். என் வாக்கியம் வலஞ்சுழி, டெஸ்ட் இடஞ்சுழி. ஒரு மாதமாக அம்மா சரியாகத்தான் வாசித்திருக்கிறாள், நான்தான் பாட்டை நம்பினேன்.

மணி. அந்த மணிச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. நடுவர் அம்மாள் ஜன்னலை இறக்கி, எங்கிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். முகம் எரிந்தது. தம்பிக்கு ஒன்றுமில்லை, அவன் பக்கத்து மைதானத்துச் சாம்பல் நிறப் பெண்குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. வலது கேன்டரில் தப்பான காலில் கிளம்பினோம், நான்கு தாவலுக்குப் பிறகு சரிசெய்தோம். லகானைத் தளர்த்தி நடக்கும் பகுதியில் கழுத்தை நீட்டி, சந்தைக்குப் போய்த் திரும்புகிற மாடுபோல அலுங்காமல் நடந்தான். பிறகு கடைசி நடுக்கோடு. எக்ஸ். மூச்சை விட்டேன்.

நின்றான். நான் குனிந்து நிமிர்ந்தேன், அவன் அசையவில்லை. லகானை இரண்டு கைக்கும் மாற்றினேன், அசையவில்லை. வெளியே போகலாம் என்று சொன்ன பிறகுதான் போனான்.

டிசம்பர் 12

மதிப்பெண் தாள். 220க்கு 129. 58.64 சதவீதம். தப்பாகத் திரும்பியதற்கு 2 குறைத்தது சேர்த்து. பதினான்கு பேரில் பதினொன்று.

லகான் தளர்ந்த நடைக்கு 7. வட்டத்துக்கு 5.5, 'வடிவத்தைக் கவனிக்க'. முட்டைதான், எனக்குத் தெரியும். முதல் நிற்றலுக்கு 4. கடைசி நிற்றலுக்குக் குறைந்தது 8 இருக்கும் என்று கடைசி வரியைத் தேடினேன்.

5.

பக்கத்தில் குறிப்பு: 'பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி நிற்கிறது.'

பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறோமே, ஒரு காலில் பாரத்தைப் போட்டு மறுகாலை மடக்கி. அதையே செய்திருக்கிறான். மேலே இருந்த எனக்குத் தெரியவே இல்லை. லாயத்தில், வயிறு நிறைந்து, மதிய வெயிலில், பக்கத்தில் சயிஸ் அண்ணன் பீடியோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் அவன் அப்படி நிற்பான். முந்நூறு பேர் பார்க்கும் இடத்தில் நின்றிருக்கிறான்.

சாரிடம் காட்டினேன். தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

டிசம்பர் 13

திரும்பி வந்தோம். வாணியம்பாடி அருகே இரண்டு மணி நேரம் நெரிசல். தம்பி வழியில் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை. வெல்லம் தீர்ந்துவிட்டது. கடையில் சர்க்கரைதான் இருந்தது.

ஹாலில் கோலமாவை யாரும் அழிக்கவில்லை. வாக்கரின் நான்கு கால் தடம் மட்டும் அதன் குறுக்கே போயிருக்கிறது, கேயிலிருந்து சமையலறை வரை.

"நின்னுச்சா?"

"நின்னான்மா."

"எவ்வளவு எண்ணினே?"

எண்ணவில்லை.

டிசம்பர் 15

காலை 5.10. சயிஸ் அண்ணன் ஃபோன். தம்பி ராத்திரி வைத்த கொள்ளைத் தொடவில்லையாம். இரண்டு முறை படுத்துப் படுத்து எழுந்தானாம், திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறானாம். டாக்டருக்குச் சொல்லியாயிற்று. படுக்க விடாமல் நடத்திக்கொண்டிருக்கிறார்.

கார் சாவி எங்கே வைத்தேன்