குடல்வாலுக்கு டாட்டா

செவ்வாய் ராத்திரி தொப்புள சுத்தி வலி, கேஸ்னு நெனச்சு ஓமத்தண்ணி குடிச்சுட்டு படுத்துட்டேன், விடியக்காலைல பாத்தா வலி அப்படியே வலது அடிவயித்துக்கு எறங்கிடுச்சு, இருமினாக்கூட உயிர் போகுது. ஸ்கேன் எடுத்தா அப்பென்டிக்ஸ்! சாயங்காலமே லேப்ராஸ்கோப்பில, அதாவது வயித்துக்குள்ள குட்டிக் கேமரா விட்டு, எடுத்துட்டாங்க. மூணே மூணு சின்ன ஓட்டை.

ஆனா வயித்த விட தோள்பட்டதான் ரெண்டு நாளா வலிச்சுது. கேட்டா, வயித்த உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு அடிப்பாங்களாம், அது உதரவிதானத்த (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற தசை) உறுத்துறது தோள்ல தெரியுமாம். என்ன வயரிங்கோ!

படுத்துக்கிட்டே தேடிப் படிச்சேன், 1980ல குடல்வால லேப்ராஸ்கோப்பில மொதல்ல எடுத்தது குர்ட் செம்னு ஒரு ஜெர்மன் டாக்டர், அவரு கைனகாலஜிஸ்ட்! சர்ஜன்களெல்லாம் அப்ப கொதிச்சுட்டாங்களாம்.

அம்மா இன்னும் நம்பல, "இது வழியாவாடா எடுத்தாங்க"ன்னு பிளாஸ்திரியவே பாத்துக்கிட்டு இருக்காங்க.