கர்ச்சா கேஸ்: என் பெண்ணுக்குப் பணம் வந்த கதை

டெல்லி கோர்ட் வராந்தாவில் யாரும் ஜீவனாம்சம் என்று சொல்வதில்லை. "கர்ச்சா கேஸா?" என்றுதான் கேட்பார்கள். கர்ச்சா என்றால் செலவு. முதல் நாள் அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. பெண்ணை வளர்ப்பதைப் பால் கணக்கு மாதிரிப் பேசுகிறார்களே என்றிருந்தது. மூன்று வருஷம் கழித்துச் சொல்கிறேன், பால் கணக்கு எழுதி வைத்திருந்ததால்தான் எனக்கு ஆர்டர் கிடைத்தது.

நானும் என் கணவரும் பிரிந்தது 2021இல். ஏன் என்பது இங்கே வேண்டாம். அவருக்கு குர்காவ்னில் ஒரு சரக்குப் போக்குவரத்து கம்பெனியில் வேலை. நான் அம்மாவோடு முனிர்காவில் வாடகை வீட்டில். பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை, சம்பளம் 24,000. பெண் அப்போது இரண்டாம் வகுப்பு. அவருக்குத் தோன்றும்போது ஜிபேயில் இரண்டாயிரம், மூவாயிரம் அனுப்புவார். போனில் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கைமாற்று வாங்கியவள் போலக் கூசிப்போவேன்.

ஆர்.கே.புரத்தில் இருக்கும் பெரியப்பா மத்திய சர்க்காரில் கணக்குத் தணிக்கை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலை மந்திரில் பிரசாதம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "உனக்குன்னு கேக்க இஷ்டம் இல்லேன்னா விடும்மா. குழந்தைக்குக் கேளு. அது அவளோட பாத்தியதை. அதை வேண்டாம்னு சொல்ல நீ யாரு?"

2022 ஆகஸ்டில் மனு போட்டேன். வக்கீல் இலவச சட்ட உதவியில் கிடைத்தவர். சம்பளம் வாங்குகிறவளுக்குக் கொடுப்பார்களா என்று தயங்கிக்கொண்டே போனேன். 1987ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாதாம். அதே மாதிரி, கணவர் ஹரியானாவில் இருக்கிறார் என்பதற்காக அங்கே அலைய வேண்டியதும் இல்லை. நான் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். இந்த மனுவுக்கான சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய், புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144வது பிரிவு. என்னுடையது அதற்கு முன்பே தொடங்கியதால் பழைய எண்ணிலேயே ஓடுகிறது.

முதலில் கவுன்சலிங். இரண்டு முறை உட்கார்ந்தோம், இரண்டு முறையும் டீ ஆறியதுதான் மிச்சம்.

பிறகு வந்ததுதான் முக்கியமான காகிதம்: வருமான அஃபிடவிட். ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, இரண்டு பேருமே சம்பளம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் படிவத்தில் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். பக்கம் பக்கமாகப் போகும். என் வக்கீல் மேடம் என் மனக்குறைகளை ஐந்து நிமிஷம் கேட்டார். அப்புறம் பேனாவைத் திறந்து, "சரி, ரசீது இருக்கா?" என்றார்.

இருந்தது. அம்மாவின் பழைய பிஸ்கட் டப்பாவில், பள்ளிக் கட்டண ரசீதிலிருந்து காய்ச்சல் மருந்துச் சீட்டு வரை. பெரியப்பா ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மாதச் சராசரி போட்டார். பள்ளியும் புத்தகமும் 4,200. வேன் 1,800. சாப்பாடு, பால் 5,000. வாடகை 13,500இல் மூன்றில் ஒரு பங்கு 4,500. துணிமணி 1,200. டாக்டர் 1,000. பரதநாட்டியம் 1,500. சில்லறை 800. கூட்டினால் சரியாக 20,000. இவ்வளவு முழு எண்ணாக வந்தால் யாரும் நம்ப மாட்டார்களே என்று அவருக்கே கவலை, திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தார்.

கணவருடைய அஃபிடவிட்டில் கைக்கு வருவது 38,000 என்றிருந்தது. படித்ததும் எனக்கு மூச்சு நின்றது. மேடம் சம்பளச் சீட்டை வரிவரியாகத் தடவிக்கொண்டே போனார். மொத்தச் சம்பளம் 82,000. வருமான வரியும் கட்டாய பி.எஃப்பும் சேர்த்து 9,000. மிச்சமெல்லாம் கார் தவணை, பர்சனல் லோன், அவராக விரும்பிச் சேர்ந்த சேமிப்புத் திட்டம். "சட்டம் பிடிக்கச் சொல்ற பணம் கழியும். அவரா இஷ்டப்பட்டு வாங்கின காருக்குக் குழந்தை ஏன் தவணை கட்டணும்?" ஆக, 73,000.

இனி எவ்வளவு கேட்பது? இந்தியாவில் இதற்கென்று அட்டவணை எதுவும் கிடையாது. டெல்லி வக்கீல்கள் கையில் ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. 2004இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் குடும்ப வருமானத்தை கேக் மாதிரி வைத்துப் பிரித்தது: கணவருக்கு, சம்பாதிக்கப் போய்வரும் செலவு இருப்பதால் இரண்டு பங்கு; மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. மேடம் காகித ஓரத்தில் போட்டுக் காட்டினார். 73,000உடன் என் 24,000 சேர்த்தால் 97,000. நாலு பங்கு. ஒன்று 24,250. என் சம்பளமே கிட்டத்தட்ட என் பங்கு. அப்படியானால் பெண்ணின் பங்கு முழுவதும் அவரிடமிருந்து வர வேண்டும். கேட்கும்போது இனிக்கத்தான் செய்தது. "இது பேச ஆரம்பிக்கிற இடம். முடியற இடம் இல்ல" என்று உடனே மடித்து வைத்துவிட்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் சொன்னது, அம்மாவும் சம்பாதிக்கிறாள், பிறகென்ன என்பதுதான். அதற்கு 2000ஆம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று பதிலாக இருந்தது. பத்மஜா சர்மா வழக்கு. இருவரும் சம்பாதித்தால் அவரவர் வருமான விகிதத்தில் குழந்தைக்குச் செலவழிக்க வேண்டும். எங்கள் விகிதம் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. அடுத்து பரதநாட்டியம் ஆடம்பரம் என்றார். நீதிபதி கேட்டது ஒரே கேள்வி: "ஒன்றாக இருந்தபோது கட்டினீர்களா?" கட்டினோம். அவள் ஐந்து வயதிலிருந்து கட்டிய ரசீது டப்பாவில் இருந்தது, அதில் அவர் கையெழுத்து.

2023 மே மாதம் இடைக்கால உத்தரவு வந்தது. மாதம் 15,000. இருபதாயிரத்தில் முக்கால். நோட்டீஸ் போய்ச் சேர்ந்து அறுபது நாளுக்குள் இடைக்கால மனுவை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்கு ஒன்பது மாதம். நல்ல வேளை, மனு போட்ட தேதியிலிருந்தே பணம் கணக்கு. ஒன்பது மாதத்துக்கு 1,35,000. ஜிபேயில் அவ்வப்போது அனுப்பிய 40,000 கழிந்தது, நியாயம்தான். மீதி 95,000.

அதில் ஐம்பதாயிரம் கொடுத்தார். செப்டம்பர் வரை மாதப் பணமும் வந்தது. அக்டோபரில் நின்றது.

இங்கேதான் நான் தப்பு செய்தேன். சும்மா இருந்தேன். தருவார், வேலையில் ஏதோ பிரச்சினை என்று காதில் விழுந்தது, திரும்பவும் அந்த வராந்தாவா என்ற அலுப்பு. 2024 ஏப்ரலில் மேடத்தைப் பார்த்தபோது வாங்கிக் கட்டிக்கொண்டேன். பாக்கியை வாரண்ட் போட்டு வசூலிக்க, பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். பழைய பாக்கி 45,000க்கு மே மாதத்தோடு கெடு. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஓடிப்போய்ப் போட்டோம்: அந்த 45,000, ஏழு மாதப் பணம் 1,05,000, மொத்தம் ஒன்றரை லட்சம். ஆர்டர் கையில் இருந்தால் பணம் தானாக வந்துவிடும் என்று யாராவது நினைத்தால், என்னைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நோட்டீஸ் "வீடு பூட்டியிருக்கிறது" என்று திரும்பி வந்தது. அடுத்த தேதி, அதற்கடுத்த தேதி. ரீடர், அதாவது நீதிபதியின் குமாஸ்தா, ஃபைலைத் தேடுகிற அழகைப் பார்த்தே இரண்டு அரை நாள் லீவு போனது. ஒரு ராத்திரி என் சித்தி மகன்தான் கண்டுபிடித்தான். லிங்க்ட்இனில், புது வேலை, சென்னை, வாழ்த்துச் சொல்ல நூற்றுச் சொச்சம் பேர். அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கோர்ட்டில் கொடுத்தோம். ஆள் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே உத்தரவை அமல்படுத்தலாம். அதைவிடச் சுருக்கமான வழி, சம்பளத்தைப் பிடிப்பது. சாதாரணக் கடனைவிட ஜீவனாம்ச பாக்கிக்கு அதிகம் பிடிக்கலாம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் சட்டப் பாதுகாப்பு.

கைது வாரண்ட் என்றதும் ஆள் வந்தார். இளைத்திருந்தார். பாவமாக இல்லை என்று சொன்னால் பொய். குழந்தையைக் கண்ணில் காட்டவில்லை, அதனால்தான் தரவில்லை என்றார். இரண்டும் வேறு வேறு. பார்க்க வேண்டுமென்றால் 1890ஆம் வருஷத்துப் பாதுகாவலர் சட்டத்தில் தனி மனு போடுங்கள், அதைக் காரணம் காட்டிச் சோற்றை நிறுத்த முடியாது என்றார் நீதிபதி. ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் பாக்கி தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார். 1989லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது: சிறை என்பது பணத்தை வாங்க ஒரு வழி, பணத்துக்கு ஈடு கிடையாது.

கணவர் சொன்னதிலும் பாதி உண்மை. பணம் நின்ற கோபத்தில் இரண்டு மாதம் நான் பெண்ணை அனுப்பவில்லை. போனையும் எடுக்கவில்லை. அவள் அதைக் கவனித்திருக்கிறாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ கால், லீவுக்குச் சென்னை.

கோர்ட்டுக்கு வந்த அன்றே 60,000 கட்டினார். மீதிக்குத் தவணை. அவர் கம்பெனிக்கு உத்தரவு போய், சம்பளத்திலிருந்தே 15,000மும் பாக்கிக்கு 5,000மும் பிடித்து, மாதம் பிறந்து முதல் வாரத்தில் என் கணக்குக்கு அனுப்புகிறார்கள். பாக்கி தீர்ந்தபின் 15,000 மட்டும் வரும். அந்தக் கூச்சம் போய்விட்டது. அனுப்புகிறவர் இடத்தில் கம்பெனி பெயர் இருப்பதாலோ என்னவோ.

125வது பிரிவில் கணக்கு பெண்ணுக்குப் பதினெட்டு ஆகும் வரை, அதாவது 2032. இந்துக்களுக்கு, கல்யாணம் ஆகாத மகள் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத வரை 1956ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றும் உண்டு. அது அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு அவள் ஆறாம் வகுப்பு. வேன் கட்டணம் 2,600, புத்தகம் இரண்டு மடங்கு. தொகையை உயர்த்த மனு எழுதச் சொல்லியிருக்கிறார் மேடம். பெரியப்பா நேற்று போன் செய்து, ஜூலை மாத நாட்டிய ரசீதைக் காணோமே என்கிறார். டப்பாவைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.