உஹதில் ஸலாம் சொல்ல நிற்கும்போது

மதீனா ஜியாரத் (புனித இடங்களைக் காணும் பயணம்) வேன்காரர்கள், நபிகள் நாயகம் (ஸல்) காலத்தில் மக்காவாசிகளோடு போர் நடந்த உஹத் மலையடிவாரத்தில் கொடுப்பது சொற்ப நேரம். அதையும் வந்தவர்கள் குன்றேறிப் படம் எடுத்தே தீர்த்துவிடுவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. நபியின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவியிலிருந்து வடக்கே சுமார் 5 கிலோமீட்டர்தான். சுபுஹு (அதிகாலைத் தொழுகை) தொழுததும் உளூவோடு (தொழுகைக்கான சுத்தம்) டாக்ஸி பிடித்துப் போய்விடுங்கள், வெயிலுக்கும் கூட்டத்துக்கும் முந்திக்கொள்ளலாம். காத்திருந்து திரும்பக் கொண்டுவிடவும் சேர்த்தே வாடகை பேசுங்கள். இல்லாவிட்டால் இறங்கும்போது தகராறுதான்.

முதலில் ஷுஹதாக்களுக்கு (போரில் உயிர்நீத்தவர்களுக்கு) ஸலாம். அவர்கள் அடங்கியிருப்பது சுவரும் கம்பியும் அடைத்த இடம், உள்ளே விடமாட்டார்கள். மீஸான் கல்லை (கப்ரின் அடையாளக் கல்) தேடாதீர்கள், வெறும் மண்தரைதான். ஹிஜ்ரி 3, ஷவ்வாலில் ஷஹீதான சுமார் 70 பேர். நாயகத்தின் (ஸல்) சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) இங்கேதான். ஒரே கப்ரில் இருவர் இருவராக அடக்கும்போது, குர்ஆன் அதிகம் தெரிந்தவரை முதலில் வைக்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்). "அஸ்ஸலாமு அலைக்கும் அஹ்லத் தியார்" என்று தொடங்கி நிதானமாக ஓதுங்கள். பின்னாலிருந்து தள்ளுவார்கள், தஸ்பீஹ் விற்பவர் கையைப் பிடிப்பார். அசையாதீர்கள்.

முஸ்அப் இப்னு உமைரை (ரலி) நினைத்தால் அந்தக் கம்பியைவிட்டு நகர முடியாது. மக்காவில் பட்டும் அத்தருமாக வளர்ந்த பிள்ளை. ஹிஜ்ரத்துக்கு (நாயகம் (ஸல்) மதீனாவுக்குக் குடிபெயர்ந்ததற்கு) முன்பே மதீனாவுக்கு வந்து குர்ஆன் கற்றுக்கொடுத்தவர். உஹதில் கொடி அவர் கையில்தான் இருந்தது. கஃபனிட (உடலைப் போர்த்தி அடக்க) ஒரே ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையை மூடிவிட்டுக் காலில் இத்கிர் புல்லைப் போட்டார்கள். யா அல்லாஹ், இந்த இடத்தில் நிற்கவைத்தாயே, அல்ஹம்துலில்லாஹ்!

பிறகு வில்லாளர் குன்று. பாறை கரடுமுரடு, மூட்டுவலிக்காரர்கள் கீழேயே நிற்கலாம். இங்கே 50 வில்லாளர்களை நிறுத்தி, என்ன நடந்தாலும் நகராதீர்கள் என்றார்கள் நாயகம் (ஸல்). ஜெயித்துவிட்டோம் என்று பெரும்பாலோர் கனீமத்துக்கு (எதிரி விட்டுப்போன பொருளுக்கு) இறங்க, அப்போது எதிரணியில் இருந்த காலித் இப்னு வலீத் குதிரைப்படையோடு பின்பக்கமாகச் சுற்றி வந்தார். வில்லாளர்களின் அமீர் (தலைவர்) அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) சிலரோடு கடைசிவரை இறங்கவில்லை. கீழே உம்மு உமாரா (ரலி) என்ற பெண்மணி நாயகத்துக்கு (ஸல்) முன்னால் நின்று, தோளில் ஆழமான வெட்டு வாங்கினார்கள். இங்கிருந்து கல்லும் மண்ணும் அள்ளிப் பையில் போடுகிறார்களே, வேண்டாம்.

பின்னாளில் நோன்பாளியாக இருந்த நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்கு (ரலி) முன்னால் சாப்பாடு வைத்தார்கள். "முஸ்அப் என்னைவிடச் சிறந்தவர்" என்று அந்த ஒற்றைத் துணியை நினைத்து அழுதார்கள். சாப்பாடு அப்படியே இருந்தது.