வெங்காய வேர்நுனியில் மைட்டாசிஸ்: இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறேன்

வெங்காய வேர்நுனியை நசுக்கிச் சாயமேற்றி, மைட்டாசிஸை, அதாவது ஒரு செல் ஒரேமாதிரியான இரண்டாகப் பிரிவதை, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் வேலை ஒருவழியாக நான் விரும்பிய இடத்துக்கு வந்துவிட்டது. டிஎன்ஏவைத் தாங்கும் குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸும், அவை இரு பக்கமாகப் பிரிந்துபோகும் அனாஃபேஸும் அதிகம் தேடாமலே கண்ணில் படுகின்றன. அதனால் படம் பிடிப்பதைக் குறைத்துக்கொண்டு, எந்த நிலையில் எத்தனை செல்கள் என்று எண்ண ஆரம்பித்திருக்கிறேன்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெங்காயத்தின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி வைத்து, வேர் ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்ததும் நுனியை வெட்டி, எத்தனால் 3 பங்கும் கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கும் கலந்த கரைசலில் போடுகிறேன். எந்தச் செல் எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நின்றுவிடும். பிறகு 60 டிகிரி செல்சியஸில், 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இதில் இளகிவிடுவதால்தான் திசு ஒரே அடுக்காகப் பரவுகிறது. அப்புறம் அசிட்டோகார்மைன் சாயம், கவர் கிளாஸ், கட்டைவிரலால் நேராக ஓர் அழுத்தம். பக்கவாட்டில் துளியும் நகரக் கூடாது.

நுனியிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் நமக்கு வேண்டிய ஆக்குத்திசு, அதாவது செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும் பகுதி. அங்கே செல்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும், உட்கருவே பெரும் இடத்தை அடைத்திருக்கும். கொஞ்சம் மேலே போனால் செல்கள் நீண்டுகொண்டே போகின்றன, பிரிவது நின்றுவிடுகிறது. நுனி புதுச் செல்களைத் தருகிறது, மேலே உள்ளவை நீள்கின்றன, வேர் முன்னேறுகிறது. பிரிவதும் நீள்வதும் இப்படி இடம் பிரித்துக்கொண்டு நடப்பதை ஒரே ஸ்லைடில் பார்க்க முடிவது எனக்கு இன்னமும் வியப்புதான்.

பாடப்புத்தகப் படங்கள் எல்லா நிலைகளுக்கும் சம இடம் தருகின்றன. ஸ்லைடில் அப்படி இல்லை. மிகப் பெரும்பாலான செல்கள் இடைநிலையில், அதாவது இரு பிரிவுகளுக்கு நடுவே, இருக்கின்றன. அவை சும்மா இருப்பவை அல்ல. செல் வளர்வதும் டிஎன்ஏ இரட்டிப்பாவதும் அப்போதுதான். இப்போதுதான் பிரிந்த ஜோடிகளின் உட்கருக்கள் சிறியவை, அடுத்த பிரிவுக்குத் தயாரானவை நன்றாகப் பருத்தவை. பிரிந்துகொண்டிருப்பவற்றில், குரோமோசோம்கள் சுருண்டு தடிக்கும் முதல் நிலையான புரோஃபேஸ் நிறைய, அனாஃபேஸ் அரிது.

இந்த ஏற்றத்தாழ்வில்தான் எனக்கு முழு ஆர்வமும். செல்கள் ஒன்றுக்கொன்று ஒத்திசைந்து பிரிவதில்லை, தத்தம் போக்கில் பிரிகின்றன. ஆகவே ஒரு நிலை நெடுநேரம் நீடித்தால் அதில் அகப்படும் செல்களும் அதிகம். அனாஃபேஸ் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் அது சட்டென்று முடிந்துவிடுவதே. உயிரற்ற ஒரு ஸ்லைடிலிருந்து காலத்தையே படிக்க முடிகிறது! ஜெர்மன் உயிரியலாளர் வால்தர் ஃபிளெமிங்கும் சாயமேற்றிய செல்களில் குரோமோசோம்களைப் பின்தொடர்ந்தார், பல்லிபோலத் தெரியும் நீர்நில வாழ்வியான சாலமாண்டரின் செல்களில். 1882இல் அவருடைய நூல் வந்தது. நின்றுபோன செல்களை வரிசைப்படுத்தி ஓட்டத்தைப் புரிந்துகொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது, எண்ண உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைக்கிறது.

வெங்காயத்துக்குக் குரோமோசோம்கள் 16. பக்கவாட்டில் தெரியும் மெட்டாஃபேஸில் அவை ஒரே கோடாக நெருங்கிக் கிடப்பதால் எண்ண முடியாது. துருவத்திலிருந்து பார்ப்பதுபோல் செல் விழுந்திருந்தால் தனித்தனியாக விரிந்து தெரியும். அனாஃபேஸில் பக்கத்துக்கு 16 என்று பிரிந்து போகும். கடைசி நிலையான டீலோஃபேஸில் நடுவே, இரு செல்களுக்கும் இடையே சுவராகப் போகும் செல்தட்டு மெல்லிய கோடாக உருவாவது தெரிகிறது. விலங்குச் செல்லைப் போல இடுப்பில் சுருங்கிப் பிரிய இங்கே செல்சுவர் விடாது.

ஆனால் இந்த எண்ணிக்கை பங்கைத்தான் சொல்லும், மணிக்கணக்கைச் சொல்லாது. குளிரில் எல்லா நிலைகளும் ஒரே அளவில் மந்தமானால் விகிதம் அப்படியே இருக்கும். அதைச் சோதிக்க, ஒரே வெங்காயத்தின் வேர்களில் சிலவற்றை அறை வெப்பத்தில் வெட்டிக்கொண்டு, மீதியைக் குளிர்ந்த நீரில் வளரவிட்டு வெட்டப் போகிறேன். இரண்டு ஸ்லைடுகளையும் ஒரே உருப்பெருக்கத்தில், நுனியிலிருந்து ஒரே தூரத்தில் எண்ண வேண்டும்.