மயிலாடுதுறை கோர்ட்டிலிருந்து ஹேக் வழக்கறிஞர் பட்டியலுக்கு

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் நீதிபதி ஆவது எப்படி என்று ஜூனியர்கள் கேட்டால், கசப்பான பதிலை முதலிலேயே சொல்லிவிடுவேன். இந்தியக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவருக்கு இப்போதைக்கு வழி இல்லை. ஹேக்கில் இருக்கும் அந்த நீதிமன்றத்துக்கு 18 நீதிபதிகள், பதவிக்காலம் 9 ஆண்டுகள். அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் சேர்ந்த நாடுகள்தான் ஓட்டுப் போட்டு அவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. வேட்பாளரும் அந்த நாடுகளில் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். 1998இல் ரோமில் சாசனத்தின் மீது வாக்கெடுப்பு நடந்தபோது இந்தியா எந்தப் பக்கமும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொண்டது, இன்னும் சேரவில்லை.

வக்கீலாகப் போக வழி இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கோ பாதிக்கப்பட்டவர்களுக்கோ ஆஜராகும் வழக்கறிஞர்களுக்கென அங்கே ஒரு பட்டியல் உண்டு. எந்த நாட்டுக்காரர் என்பது அதற்குத் தடையில்லை. குற்றவியல் வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமும், ஆங்கிலம் அல்லது பிரெஞ்சில் நல்ல தேர்ச்சியும் வேண்டும். நான் விண்ணப்பித்தது இதற்குத்தான்.

சீனியரிடம் சொன்னபோது, "அங்க போய் என்னம்மா செய்யப்போற, இங்கயே ரெண்டு பெயில் மனு நிக்குது" என்றார். அவர் கவலை அவருக்கு. எனக்கு இந்த ஆசை வந்ததற்குக் காரணம் ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க ஐ.நா. அமைத்த தீர்ப்பாயத்தின் அகயேசு தீர்ப்பு. அகயேசு என்ற ஒரு சின்ன ஊரின் மேயர், தன் ஆளுகைக்குள் நடந்த படுகொலைகளுக்காக 1998இல் இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாகிறது. பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் ஒரு வடிவமாக இருக்க முடியும் என்று அந்தத் தீர்ப்பில்தான் முதன்முதலாகச் சொன்னார்கள். படிக்கும்போது கீழவெண்மணியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோன வழக்கில் நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்ததை எங்கள் பக்கத்தில் சட்டம் படிக்காதவர்களும் சொல்வார்கள்.

அகயேசு வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் நவநீதம் பிள்ளை. டர்பனில் பிறந்த தமிழ்ப் பெண், பஸ் டிரைவரின் மகள். 1967இல் நேட்டாலில் சொந்தமாக அலுவலகம் திறந்து, நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர்களுக்காக வாதாடியவர். 2003இல் ஹேக் நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளில் ஒருவரானார். ஐ.நா. பதவியெல்லாம் பின்னால் வந்தது, தொடக்கம் சாதாரணக் கிரிமினல் பிராக்டீஸ். ஹேக் நீதிபதிகளில் பாதிப் பேராவது குற்றவியல் விசாரணையில் பழகியவர்களாக இருக்க வேண்டும் என்று சாசனமே சொல்கிறது. மீதி இடங்களில் சர்வதேசச் சட்டத்தில் தேர்ந்தவர்களுக்கும் பங்கு உண்டு. நம் செஷன்ஸ் கோர்ட் அனுபவம் அங்கே செல்லாக் காசு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். படிவம், தன்விவரம், பார் கவுன்சில் சான்று, குற்றப் பின்னணி பற்றிய சான்று, இவ்வளவுதான் கேட்கிறார்கள். பார் கவுன்சில் சான்றில் நீங்கள் தொழில் செய்யத் தகுதி உள்ளவர் என்பதோடு, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருந்ததா என்பதும் வர வேண்டும். அதைக் கடிதத்தில் தெளிவாக எழுதிக் கேளுங்கள். போலீஸ் சான்று தஞ்சாவூர் பாஸ்போர்ட் சேவை மையத்தில் சுலபமாகவே கிடைத்தது.

என்னை அலைய வைத்தது அந்த 10 ஆண்டு அனுபவம்தான். நம் ஊரில் குறுக்கு விசாரணை முழுவதையும் ஜூனியர் நடத்தியிருந்தாலும் தீர்ப்பின் முகப்பில் சீனியர் பெயர்தான் இருக்கும். போதாக்குறைக்கு 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது. நான் முன்பு நடத்திய வழக்குகளில் பல நாகப்பட்டினத்தில் முடிந்தவை, அந்த வழக்குக் கட்டுகளும் அங்கேதான். நகல் மனு போட்டு, தீர்ப்போடு என் கையெழுத்து இருந்த வக்காலத்து நகலையும் வாங்கினேன். பழைய வழக்கு எண்களில் பாதியை ஈ-கோர்ட்ஸ் தளத்தில் தேடி எடுத்தேன், மீதியைச் சொன்னது எங்கள் குமாஸ்தாவின் பழைய வாய்தா டைரி. எந்தெந்த வழக்கில் நான் தனியாக விசாரணை நடத்தினேன் என்று சீனியர் ஒரு கடிதம் கொடுத்தார். பெயில் மனுவை மறந்துவிட்டு அவரே உட்கார்ந்து டைப் செய்ய வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தீர்ப்புகள் எல்லாம் தமிழில். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் அரைப் பக்கக் குறிப்பு எழுதினேன்: என்ன குற்றச்சாட்டு, நான் யாருக்காக ஆஜரானேன், எத்தனை சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தேன், முடிவு என்ன. '302 கேஸ்' என்றால் நமக்குப் போதும், அவர்களுக்கு அது வெறும் எண். நமக்கே 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அது 103. அதனால் கொலை, கொலை முயற்சி என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

அனுப்பிய பிறகு சில வழக்குகளில் என் பங்கு என்ன என்று விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. சீனியரின் கடிதத்தை அப்போதுதான் இணைத்தேன். அப்புறம் நீண்ட மௌனம், ஒரு நாள் பட்டியலில் சேர்த்துவிட்டதாகக் கடிதம்.

ஊரில் இதை ஹேக்கில் வேலை கிடைத்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் எதுவும் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவரோ பாதிக்கப்பட்டவர்களோ பட்டியலைப் பார்த்து நம்மைத் தேர்ந்தெடுத்தால், அல்லது நீதிமன்றமே நியமித்தால்தான் வழக்கு. எனக்கு இதுவரை யாரும் அழைப்பு விடுக்கவில்லை, வாரநாட்களில் மயிலாடுதுறை கோர்ட்டில்தான் இருக்கிறேன். விண்ணப்பிக்க நினைப்பவர்கள் வந்து என் குறிப்புகளின் மாதிரியை வாங்கிக்கொள்ளலாம். இன்னும் 10 ஆண்டு ஆகாதவர்கள் இப்போதிருந்தே வக்காலத்தில் தங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.