ஓ.இ.டி. தேர்வுக்குப் படித்தபோது வந்த இலக்கணச் சந்தேகங்கள்

யு.கே.வில் நர்ஸாகப் பதிவு செய்ய வேண்டுமென்றால் அங்குள்ள நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி.க்கு ஆங்கிலத் தகுதியைக் காட்டியாக வேண்டும். அதற்கு ஐ.இ.எல்.டி.எஸ். எழுதலாம், இல்லாவிட்டால் ஓ.இ.டி. எழுதலாம். நான் எழுதியது ஓ.இ.டி. மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கென்றே உள்ள தேர்வு அது. லிஸனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்று நாலு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 500 மார்க். மூன்றில் 350 வேண்டும், அதாவது பி கிரேடு. ரைட்டிங்கில் மட்டும் 300, சி ப்ளஸ் இருந்தால் போதும். அந்தச் சலுகையின் அருமை ரைட்டிங் பேப்பர் முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பன்னிரண்டாவது வரைக்கும் நான் தமிழ் மீடியம். நர்சிங் படித்தது ஆங்கிலத்தில்தான். ஆனால் வார்டில் நாம் எழுதும் ஆங்கிலம் ஆங்கிலமே இல்லை. "சி/ஓ செஸ்ட் பெய்ன், ஈ.சி.ஜி. டேக்கன், டாக்டர் இன்ஃபார்ம்ட்" என்று எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவோம். வினைச்சொல்லுக்கு வால் இருக்காது, 'ஏ', 'தி' எதுவும் இருக்காது. ஓ.இ.டி. என்ன செய்கிறது என்றால், இதே மாதிரி துண்டு துண்டான கேஸ் நோட்ஸைக் கையில் கொடுத்து, இதை வைத்து அடுத்துப் பார்க்கப்போகிற நர்ஸுக்கோ டாக்டருக்கோ 180 முதல் 200 வார்த்தைக்குள் ஒரு லெட்டர் எழுது என்கிறது. மொத்தம் 45 நிமிடம், அதில் முதல் ஐந்து நிமிடம் படிக்க மட்டும்தான். பேனாவைத் தொடக்கூடாது. வருஷக்கணக்காகக் கண்டுகொள்ளாமல் விட்ட இலக்கணச் சந்தேகங்கள் எல்லாம் அந்த லெட்டரில்தான் வரிசை கட்டி வந்து நின்றன.

நான் சேர்ந்த கோச்சிங் சென்டரில் லெட்டர் மாதிரிகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஏன் 'ஹேஸ்', ஏன் 'வாஸ்' என்று கேட்டால், "அது அப்படித்தான் வரும், எழுதிக்கோங்க" என்பதுதான் பதில். எனக்கு முன்னால் போய் அங்கே வேலையில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரி சீனியர் அக்கா ஒருவர்தான் வாட்ஸப்பில் என் லெட்டர்களைத் திருத்திக் கொடுத்தார். தப்பைச் சுழித்துவிட்டு அவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: "இதைத் தமிழ்ல எப்படிடி சொல்வே?" ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. தமிழில் யோசிக்காதே என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்! ஆனால் பாதிச் சந்தேகங்களுக்கு விடை தமிழிலேயே இருந்தது. மீதிப் பாதியில் தமிழ் எங்கே காலை வாரிவிடுகிறது என்பதாவது தெரிந்தது.

'சின்ஸ்', 'ஃபார்' விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்" என்றுதான் எங்கள் வார்டு முழுக்க எழுதுவோம், டாக்டர்கள் உட்பட. "மூணு நாளா காய்ச்சல்னு சொல்வியா, மூணு நாள்லேர்ந்து காய்ச்சல்னு சொல்வியா?" என்று கேட்டார் அக்கா. மூணு நாளா என்றுதான் சொல்வேன். திங்கட்கிழமை என்றால்? திங்கட்கிழமையிலேர்ந்து. அவ்வளவுதான் விஷயம். எவ்வளவு காலம் என்று சொல்லும்போது நாம் 'ஆக' போடுகிறோம், அது 'ஃபார்'. எப்போது தொடங்கியது என்று சொல்லும்போது 'இலிருந்து', அது 'சின்ஸ்'. பேச்சில் சிலர் "மூணு நாள்ல இருந்து" என்றும் சொல்வது உண்டு. அவர்கள் எழுத்துத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டால் சரியாகிவிடும்.

அதே வாக்கியத்தின் வினைச்சொல்லில் தமிழ் உதவாது. "2015லேர்ந்து மெட்ஃபார்மின் சாப்பிடுறார்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்லிவிடுகிறோம். அதை அப்படியே இறக்கினால் "ஹி ஈஸ் டேக்கிங் மெட்ஃபார்மின் சின்ஸ் 2015" என்று வந்து நிற்கும். ஆங்கிலத்துக்கு அங்கே "ஹேஸ் பீன் டேக்கிங்" வேண்டும். அப்போது ஆரம்பித்தது, இப்போதும் ஓடுகிறது என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்ல அவர்களுக்கு அதுதான் வழி.

இதற்கு நேர் எதிரான குழி ஒன்றும் உண்டு. "நேத்து ராத்திரி அட்மிட் ஆகியிருக்கார்" என்பது நல்ல தமிழ். டியூட்டிக்கு வந்து ஃபைலைப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம், அதனால் 'இருக்கார்'. இந்த 'இருக்கார்'தான் 'ஹேஸ்' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் "ஹேஸ் பீன் அட்மிட்டட் எஸ்டர்டே" என்று எழுதத் தோன்றும். ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம், மார்ச் 12 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேஸ்' வராது. "வாஸ் அட்மிட்டட்"தான். இதற்கு நான் வைத்துக்கொண்ட வழி, நோட்ஸைப் படிக்கும்போதே தேதிகளைக் கண்ணால் குறித்துக்கொள்வது. 'சின்ஸ்' இல்லாத, கடந்துபோன தேதி வாக்கியத்தில் ஏறினால் இறந்தகாலம். தேதி இல்லாமல் இன்றைய நிலைமையைச் சொன்னால் 'ஹேஸ்': "ஹர் வூண்ட் ஹேஸ் ஹீல்ட் வெல்." இன்று வீட்டுக்குப் போகிறார் என்றால் "ஈஸ் பீயிங் டிஸ்சார்ஜ்ட் டுடே." லெட்டரில் காலம் சம்பந்தமாக வரும் சிக்கல் ஏறக்குறைய இவ்வளவுதான். பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையைச் சுவரில் ஒட்டியெல்லாம் வைக்க வேண்டியதில்லை.

'ஏ'யா 'ஆன்'ஆ என்பதற்கு அக்கா சொன்ன வழியை இப்போது நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆங்கில எழுத்தைப் பார்க்காதே, அந்த வார்த்தையைத் தமிழில் எழுதிப் பார். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', உயிர்மெய்யில் தொடங்கினால் 'ஏ'. எம்.ஆர்.ஐ., ஈ.சி.ஜி., அல்சர், எக்ஸ்-ரே எல்லாவற்றுக்கும் 'ஆன்'. யூரின் சாம்பிள், யூனிட் ஆஃப் பிளட் இரண்டுக்கும் 'ஏ', தொடக்கம் 'யூ' என்பதால். ஹவருக்கு எழுத்தில் ஹெச் இருந்தாலும் வாயில் 'அவர்' என்றுதான் வரும், ஆகவே 'ஆன்'. இரண்டு இடத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். 'ஒன்' என்று நாம் எழுதினாலும் ஆங்கிலத்தில் அது 'வன்', அதனால் "ஏ ஒன்-வீக் கோர்ஸ்". இன்னொன்று, எங்கள் ஊர்ப்பக்கம் எக்ஸ்-ரேயை 'யெக்ஸ்ரே' என்போம். அந்த வாயை நம்பினால் 'ஏ' போட்டுவிடுவோம்.

'தி' எங்கே போடுவது என்பது இதைவிடப் பெரிய தலைவலி. அதற்கும் பாட்டி கதைதான் கைகொடுத்தது. "ஒரு ஊர்ல ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு..." என்று தொடங்குகிறோம் அல்லவா? முதல்முறை 'ஒரு', அடுத்தமுறை 'அந்த'. காலில் ஒரு டிரெஸ்ஸிங் போட்டார்கள், 'ஏ டிரெஸ்ஸிங்'. அதை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றால் 'தி டிரெஸ்ஸிங்'. தமிழில் இரண்டாவது தடவை வெறும் டிரெஸ்ஸிங் என்று சொன்னாலும் குறையில்லை, ஆங்கிலத்தில் குறை. நோய்ப் பெயர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. டயபெட்டிஸ், ஹைப்பர்டென்ஷன், நிமோனியா இவற்றுக்கு முன்னால் ஒன்றும் வேண்டாம். ஃபீவர், ஹெட்ஏக், காஃப் என்றால் பெரும்பாலும் 'ஏ' வரும். இதில் தர்க்கம் தேடி நேரத்தை வீணாக்காமல் அப்படியே படித்துக்கொண்டேன்.

பன்மையில் பேச்சுத் தமிழ் நம்மை இழுத்துவிடும். "என் பேஷண்ட்ல ஒருத்தர்", "பத்து மாத்திரை" என்றுதான் வாயில் வரும், அதனால் "ஒன் ஆஃப் மை பேஷண்ட்", "டென் டேப்லெட்" என்று எழுதத் தோன்றும். இரண்டிலும் 'எஸ்' வேண்டும். ஆனால் வயதில் தலைகீழ். "ஹி ஈஸ் 62 இயர்ஸ் ஓல்ட்" என்றால் 'எஸ்' உண்டு, "ஏ 62-இயர்-ஓல்ட் மேன்" என்றால் கிடையாது. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், எக்யூப்மென்ட் மூன்றுக்கும் எப்போதுமே 'எஸ்' கிடையாது. அறிவுரைகள், தகவல்கள், கருவிகள் என்று நாம் தாராளமாகக் 'கள்' சேர்ப்பதால் அங்கேயும் கை போகும்.

'டிஸ்கஸ் அபவுட்' வருவதற்குக் காரணம் நம் 'பற்றி'. சிகிச்சையைப் பற்றிப் பேசினோம் என்பதில் உள்ள 'பற்றி' அந்த 'டிஸ்கஸ்'ஸுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக 'அபவுட்' தேவையில்லை. மற்றபடி இந்த மாதிரி ஒட்டுச் சொற்களுக்கு விதி தேடாமல், எங்கள் வேலைக்கு வேண்டியதை மட்டும் ஜோடி ஜோடியாகப் படித்தேன்: அலர்ஜிக் டு, டயக்னோஸ்ட் வித், கம்ப்ளெய்ன்ட் ஆஃப், ஆபரேட்டட் ஆன். 'அலர்ஜிக்' என்று தனியாக ஒரு வார்த்தை இருப்பதையே மறந்துவிட வேண்டும்.

எங்கள் வாட்ஸப் குரூப்பில் இரவெல்லாம் நடந்த சண்டைகள் இவற்றைப் பற்றி அல்ல என்பதுதான் வேடிக்கை. 'ஷல்'லா 'வில்'லா, 'ஹூ'வா 'ஹூம்'மா, வாக்கியத்தை 'டு'வில் முடிக்கலாமா என்று ஆளாளுக்கு வீடியோ லிங்க் அனுப்பிக்கொண்டிருந்தோம். டிஸ்சார்ஜ் லெட்டரில் இவை ஒன்றுகூட வருவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரைட்டிங்கைத் திருத்துபவர்கள் ஆறு அம்சங்களைப் பார்க்கிறார்கள், மொழி அதில் ஒன்றுதான். எதற்காக எழுதுகிறோம் என்பது முதல் பத்தியிலேயே தெரிகிறதா, தேவையில்லாத நோட்ஸைக் கழித்தோமா, தகவல் அடுக்காக இருக்கிறதா என்பதற்கெல்லாம் தனி மார்க். இலக்கணம் சுத்தமாக இருந்தும், நோயாளியின் பத்து வருஷ வரலாற்றை முழுக்கக் கொட்டியதால் மார்க் இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஸ்பீக்கிங் வேறு மாதிரி. இரண்டு ரோல்-ப்ளே, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூன்று நிமிடம், சூழ்நிலை எழுதியிருக்கும் கார்டைப் படித்துக்கொள்ளலாம். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ பேசுவார். அங்கே தமிழர்களுக்கு வரும் பெரிய சிக்கல் 'அவர்'. மரியாதைக்கு ஆண் பெண் எல்லோரையும் அவர், அவங்க என்றே சொல்லிப் பழகியதால், அம்மாவைப் பற்றிப் பேசும்போது பாதியில் 'ஹி' என்று விழுந்துவிடும். வீட்டில் அம்மா, அப்பா, மாமியார் செய்வதையெல்லாம் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். வீட்டுக்காரர் சிரித்தார், ஆனால் பலன் இருந்தது. அடுத்தது கேள்வி. வலி எங்கே என்று மரியாதையாகக் கேட்க "குட் யூ டெல் மீ" என்று தொடங்கிவிட்டால், பின்னால் "வேர் ஈஸ் தி பெய்ன்" வரக்கூடாது, "வேர் தி பெய்ன் ஈஸ்"தான். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'இல்லையா' என்று கேட்கும் நம் பழக்கம் 'ஈஸின்ட் இட்' ஆகிக் கூடவே வரும். அதை நிறுத்த "ஈஸ் தட் ஆல்ரைட்?" என்று மாற்றிக்கொண்டேன். புரிந்ததா என்று நோயாளியைக் கேட்பதற்கும் தனியாக மார்க் இருப்பதால் அது லாபமாகவும் போயிற்று.

ரிசல்ட்டில் ரைட்டிங் 340, மற்ற மூன்றும் பி. என்.எம்.சி.க்கு அது போதும். இப்போது அடுத்த கட்டமான சி.பி.டி.க்கு, அதாவது கம்ப்யூட்டரில் எழுதும் நர்சிங் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் இலக்கணம் கிடையாது. முதல் பகுதி முழுக்க டிரிப் ரேட், டோஸ் என்று மருந்துக் கணக்கு. அதைத் தமிழில் போட்டாலும் ஆங்கிலத்தில் போட்டாலும் விடை ஒன்றுதான்.